எங்கள் கடற்கரைக்கு ஒரே வரைபடம் வேண்டும்

இராமநாதபுரம் கடற்கரையோரக் காவல் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நாட்டுப்படகுகளில் இன்ஜின் திருடு போவது உங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. போன அமாவாசை ராத்திரி என் வள்ளத்திலும் கழற்றிவிட்டார்கள். விடியலில் போய்ப் பார்த்தால், நான்கு போல்ட்டும் மணலில் வரிசையாகக் கிடந்தன. இழுத்துப் பிடுங்கவில்லை. ஸ்பேனர் வைத்து நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த கை அது.

புகார் கொடுக்கப் போனேன். ஓடைக்கு வடக்கே என்றால் எங்கள் எல்லை இல்லை என்றார்கள். அடுத்த ஸ்டேஷனில் தெற்கே என்றார்கள். குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று, 2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. நான் மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் எழுதிக்கொண்டபோது சம்பவ இடம் 'கடற்கரையோரம்'. தொண்டி முதல் வாலிநோக்கம் வரை எல்லாமே கடற்கரையோரம்தானே ஐயா?

எங்கள் ஆட்கள் கடலடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை வலை கிழிந்த இடத்தில் மறுமுறை கிழிவதில்லை. திருட்டுக்கும் அதைத்தான் கேட்கிறோம்: ஒவ்வொரு புகாருக்கும் இடம், நேரம் குறித்து, எல்லா ஸ்டேஷன் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் கேட்டு நானே போனில் ஐந்து புள்ளி வைத்தேன். அதில் நான்கு புள்ளி அந்த ஓடையின் இரு கரையிலும் விழுந்தன, இ.சி.ஆரிலிருந்து வண்டி இறங்கும் மண்பாதை பக்கத்தில். நான்கும் நிலா இல்லாத ராத்திரி. ஒரு ஸ்டேஷன் கணக்கில் இரண்டு, இன்னொன்றில் இரண்டு. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவின் மினியாபோலிஸில் காவலுக்கு வந்த அழைப்புகளில் பாதி, சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்தன என்று 1989-லேயே ஆய்வு காட்டியிருக்கிறது. இடம் தெரிந்தால் ரோந்தை அங்கே நிறுத்தலாம்.

கடல் தாண்டி எதுவும் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை ஜீப் வருகிறது! எங்கள் பிள்ளைகளை நிறுத்தி அட்டை கேட்கிறீர்கள். எங்கள் இன்ஜின் போனால் மட்டும் வண்டி இல்லை, ஆள் இல்லை. கடனில் வாங்கிய இன்ஜின். தவணை நிற்கவில்லை, வள்ளம் நிற்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தை எந்தக் குப்பத்துக்கும் பட்டம் கட்டப் பயன்படுத்த வேண்டாம். எந்த இடம், எந்த நேரம் என்பது போதும். ஒரே வரைபடம், எல்லா ஸ்டேஷனுக்கும். கூப்பிட்டால் நானே வந்து இடம் காட்டுகிறேன். அடுத்த அமாவாசைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவன்