பக்கத்தில் உட்கார ஓர் ஆள்: வாசிப்பு அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகள் வாசிப்பு அறையின் திருப்பணி முடிந்துவிட்டது. கூரை ஒழுகவில்லை. கடைசியாகப் பெய்த இரண்டு மழைக்கும் நாங்கள் மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. போன பொதுக்கூட்டத்தில் பாதி நேரம் கூரையைப் பற்றியே பேசினோம் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனித்தாளாக உங்களுக்கு வந்திருக்கும். சந்தேகம் இருந்தால் பொருளாளரைக் கேளுங்கள், ரசீதுகள் எல்லாம் தேதிவாரியாக அவரிடம் இருக்கின்றன. அதையே இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. கட்டட வேலை என்று நினைத்துத் தொடங்கிய இந்தத் திருப்பணி, எங்கள் கண் முன்னாலேயே வேறொரு வேலையாக மாறியது. அதைச் செயலாளர் என்ற முறையில் உங்களுக்கு விவரமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் கட்டடம். கூரையை மாற்றினோம், ஈரம் ஏறியிருந்த வடக்குச் சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம், அது நன்றாகக் காயும்வரை வெள்ளையடிக்கவில்லை. அலமாரிக்கு வந்த மரம் சரியாக உலராத மரம். இரண்டு பலகைகள் முறுக்கிக்கொண்டன, திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. தாமதத்துக்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

தச்சரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாங்கள் வரைந்து கொடுத்த படத்தில் அலமாரிகள் ஆளுயரத்துக்கு இருந்தன, புத்தகங்கள் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றன. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “முதுகைப் பார்த்து எந்தக் குழந்தை புத்தகம் எடுக்கும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. எழுத்துக் கூட்டவே திணறும் குழந்தைக்கு, புத்தக முதுகில் நெட்டுக்குத்தலாக இருக்கும் பொடி எழுத்து என்ன சொல்லும்? மறுநாள் அவரே நான்கைந்து குழந்தைகளைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு தட்டும் இல்லை. கீழ் இரண்டு தட்டுகளில் புத்தகங்கள் அட்டை தெரிய நிற்கின்றன. இடம் அதிகம் பிடிக்கிறது, கொள்ளும் புத்தகம் குறைவு, ஆனால் குழந்தைகள் இப்போது யாரையும் கேட்காமல் தாங்களே போய் எடுக்கிறார்கள். கடைசி நாலு நாள் கூலியை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்தது புத்தகங்கள். மற்றவர்களிடம் போய்க் கேட்பதா என்று குழுவிலேயே சிலருக்குக் கூச்சம் இருந்தது. அப்போது ஒரு உறுப்பினர் ஜெல்லா லெப்மன் என்ற பெண்மணியைப் பற்றிச் சொன்னார். யூதப் பத்திரிகையாளரான அவர் நாஜிகள் காலத்தில் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போனவர். 1945-ல் போர் முடிந்ததும் திரும்பி வந்து, இடிபாடுகளுக்கு நடுவே இருந்த ஜெர்மன் குழந்தைகளுக்காக இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: பணம் கொடுக்க எங்களிடம் இல்லை, உங்கள் குழந்தைகள் படிக்கும் புத்தகங்களை அனுப்புங்கள் என்று. அவற்றில் பல, நேற்றுவரை ஜெர்மனியோடு சண்டை போட்ட நாடுகள் என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை ஜெர்மன் படையெடுப்பைக் கண்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது, அவர் விடாமல் மறுபடி எழுதினார், புத்தகங்கள் வந்தன. 1946-ல் மியூனிக்கில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார், 1949-ல் அதுவே குழந்தைகளுக்கான பன்னாட்டு நூலகமாக வளர்ந்தது. இதைக் கேட்ட பிறகு எங்களில் யாரும் கூச்சத்தைப் பற்றிப் பேசவில்லை.

கேட்டோம், கொடுத்தார்கள். நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேலேயே கொடுத்தார்கள். அப்புறம்தான் பிரிக்கும் வேலை. தேர்வு வழிகாட்டிகள், பழைய பாடநூல்கள், பக்கம் உதிர்ந்தவை எல்லாவற்றையும் மரியாதையாக ஒதுக்கினோம். புத்தகம்தானே, எதுவானாலும் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து புத்தகத்தை எடுத்து ஐந்தும் பிடிக்காமல் போன குழந்தை ஆறாவதைத் தொடாது.

இதில் நாங்கள் நினைத்தே பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. 1978-ல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததும் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது உங்களுக்குத் தெரியும். வந்த புத்தகங்களில் அதற்கு முன்னால் அச்சானவையும் இருந்தன, அருமையான கதைகள், கெட்டி அட்டை, அழகான படங்கள். ஒரு சிறுவன் அதில் ஒன்றை எடுத்துப் போய் அரைப் பக்கத்திலேயே திரும்ப வந்து, “இதுல தமிழ் வேற மாதிரி இருக்கு” என்றான். தனக்குப் படிக்க வரவில்லை என்று நினைத்துவிட்டான், முகம் வாடிப் போயிருந்தது. அந்தப் புத்தகங்களைத் தூக்கிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை, தனித்தட்டில் வைத்தோம். குழந்தைகளைக் கூட்டிவரும் தாத்தாக்களும் பாட்டிகளும் அந்தத் தட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது அவர்கள் படித்த எழுத்து. இப்போது அந்தப் புத்தகங்களை அவர்கள் சத்தமாக வாசிக்கிறார்கள், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். நாங்கள் திட்டமிட்டுச் செய்ததில்லை இது.

இனி, எங்கள் தவறு. திறந்த முதல் மாதத்தில் யார் அதிகப் புத்தகம் படிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தோம். நல்லெண்ணத்தில்தான். ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் பரிசை வாங்கினார்கள், நடுவில் இருந்தவர்கள் மெல்லிய புத்தகமாகப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினார்கள், தட்டுத்தடுமாறிப் படிக்கும் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். யாருக்காக இந்த அறையைக் கட்டினோமோ அவர்கள்! பரிசை நிறுத்தினோம், எண்ணிக்கைப் பலகையைக் கழற்றினோம். அந்த இருவரையும் திரும்பக் கூட்டி வந்தது குழுவில் யாரும் இல்லை, அவர்களோடு விளையாடும் பிள்ளைகள்தான். “வாடா, இப்ப யாரும் கணக்கு எடுக்கறதில்ல” என்று சொல்லி அழைத்து வந்தார்களாம்.

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் முறைக்கு வந்தோம். முறை எளிது, ஆனால் பழகப் பொறுமை வேண்டும். புத்தகத்தைக் குழந்தைதான் தேர்ந்தெடுக்கும். பெரியவர் எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும், புத்தகப் பக்கம் இருவருக்கும் தெரிய வேண்டும். முதலில் இருவரும் சேர்ந்து சத்தமாக, குழந்தையின் வேகத்தில் படிக்கிறார்கள். தனியாகப் படிக்கலாம் என்று தைரியம் வரும்போது குழந்தை முழங்காலில் ஒரு தட்டு தட்டும், பெரியவர் உடனே நிறுத்திக்கொள்வார். குழந்தை ஒரு சொல்லில் சிக்கினால் மனதுக்குள் நான்கைந்து எண்ணும்வரை பேசாமல் இருக்க வேண்டும், அப்போதும் வரவில்லையென்றால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிக் கொடுத்து, குழந்தை அதைத் திரும்பச் சொன்னதும் மறுபடி சேர்ந்து போக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அந்த நான்கைந்து நொடி சும்மா இருப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. நாக்கு நுனியில் சொல் நிற்கும்போது சொல்லாமல் இருக்கப் பெரியவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது, குழந்தைகளுக்கு அல்ல.

பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், குழந்தைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. நமக்கு 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்கிறோம், அதில் 216 உயிர்மெய். ‘கெ’, ‘கே’, ‘கை’ எழுதும்போது குறி முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டுகிற குழந்தை, முதலில் கொம்பைப் பார்த்துவிட்டுத் திகைத்து நிற்பதில் என்ன ஆச்சரியம்? காலும் ‘ர’வும் பல அச்சுகளில் ஒன்று போலவே இருக்கின்றன. ‘கடல்’, ‘அகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ ஒன்றுதான், ஒலி மூன்று விதம். இதையெல்லாம் நாம் எப்போது கடந்தோம் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

நீளமான சொற்களுக்கு அட்டைத்துண்டு வைத்திருக்கிறோம். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மிரள்கிற குழந்தைக்கு, மீதியை அட்டையால் மறைத்து ‘போய்’ மட்டும் காட்டி, அப்புறம் ‘கொண்டு’, அப்புறம் ‘இருந்தார்கள்’ என்று திறந்தால் சிரித்துக்கொண்டே படித்துவிடுகிறது. இன்னொன்று: அச்சில் ‘வந்துவிட்டான்’ என்று இருக்கும், குழந்தை ‘வந்துட்டான்’ என்று படிக்கும். அதைத் தவறு என்று நிறுத்தாதீர்கள். பொருள் புரிந்ததால்தான் தான் பேசுகிற தமிழில் அது வெளியே வருகிறது.

எங்கள் அறையில் மிக நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் எழுத்தே தெரியாத ஒரு பாட்டி. பேரனைக் கூட்டிப்போக வருவார், வாசலிலேயே நிற்பார். ஒரு நாள், வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படிக்கும் ஒரு சிறுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கு எழுத்துத் தெரியாதும்மா, நீ படிச்சாத்தான் எனக்குக் கதை” என்றார். அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் ஏறியது. நடுவில் நின்றால் பாட்டி திருத்த மாட்டார், திருத்தத் தெரியாது, “அப்புறம்?” என்று மட்டும் கேட்பார். ஒரு கதையில் ‘ராஜா மந்திரியை அழைத்தான்’ என்பதை அவள் ‘அழித்தான்’ என்று படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அடுத்த வரியில் மந்திரி பேச ஆரம்பித்ததும் பாட்டி, “மந்திரியைத்தான் அழிச்சுட்டானே, இப்ப யாரு பேசறது?” என்று கேட்டார். சிறுமி நிறுத்தி, பின்னால் போய், விரலை வைத்துத் தேடி, “அழைத்தான் பாட்டி! அழைத்தான்!” என்று கத்தினாள். அறையே திரும்பிப் பார்த்தது. நாங்கள் திருத்தியிருந்தால் அந்த ஒரு சொல் சரியாகியிருக்கும். படிப்பது பொருளோடு ஒட்டுகிறதா என்று தானே திரும்பிப் பார்க்க அவள் பாட்டியிடம் கற்றுக்கொண்டாள்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் குழந்தைகளைப் பழக்கப்பட்ட நாய்களுக்குப் படித்துக் காட்ட வைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன், விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பாட்டியைப் பார்த்த பிறகு அதன் காரணம் புரிந்தது. எடை போடாத காது கிடைத்தால் குழந்தை வாய் திறக்கிறது.

சில குழந்தைகள் இத்தனைக்கும் பிறகு முன்னேறவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்கிறோம். அதில் குறை இல்லையென்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை, பயிற்சி பெற்றவர்கள். பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அது சோம்பல் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் உள்ள சிரமம், முறையாகக் கற்றுக்கொடுத்தால் படிக்க வரும். இதைக் கேட்டதும் ஒரு அம்மா அழுதுவிட்டார். மகனை எத்தனை நாள் அடித்திருக்கிறேன் என்றார். அவர் இப்போது சனிக்கிழமைகளில் வேறு குழந்தைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறார்.

பெயர்ப்பலகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொடுத்தவர்களின் பெயரைச் சுவரில் பொறிக்கலாமா என்று இரண்டு கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. அதிகம் கொடுத்த ஒருவரே தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யார் பெயரும் வேண்டாம் என்று முடிவானது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வெற்றுத்தாள் ஒட்டியிருக்கிறோம். படித்து முடித்த குழந்தை, அடுத்து எடுக்கப்போகும் குழந்தைக்கு ஒரு வரி எழுதலாம். ஒன்றில் இப்படி இருக்கிறது: ‘நடுவுல கஷ்டமா இருக்கும். விட்டுடாத. பூனை கெடச்சிடும்.’

பாக்கி உள்ளவை: பின்பக்க ஜன்னலுக்குக் கொக்கி இன்னும் வரவில்லை, அதுவரை கயிறு கட்டியிருக்கிறோம். மூலையில் உள்ள விளக்கின் வெளிச்சம் புத்தகப் பக்கத்தில் நிழல் விழச் செய்கிறது, இடம் மாற்ற வேண்டும். செவ்வாயும் வியாழனும் மாலையில் பக்கத்தில் உட்கார ஆள் போதவில்லை. எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வருகிறவர்கள் வாசலில் தொங்கும் நோட்டில் உங்கள் பெயரையும் நாளையும் எழுதிவிடுங்கள். பென்சில் அதிலேயே கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக, செயலாளர்