"மதம் இல்லை, வெறும் பயிற்சிதான்": மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

ஊழியர்களை ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்குகளுக்கு அனுப்பும் மனிதவள அதிகாரிகளுக்கு வணக்கம்.

'வராமல் இருக்கலாமா' என்று யாராவது தயங்கினால், "இது மதம் இல்லைங்க, வெறும் பயிற்சிதான்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இதையே நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தது.

யுனைடெட் ஹெல்த் புரோகிராம்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அந்த நிறுவனம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இயங்கியது. அங்கே 'ஆனியன்ஹெட்' என்றொரு பயிற்சி. உருவாக்கியவர் தலைமை அதிகாரியின் அத்தையோ சித்தியோ, உறவினர்தான். ஊழியர்கள் அலுவலகத்தில் பிரார்த்தனை செய்ய வேண்டும், சொந்த வாழ்க்கையைச் சக ஊழியர்களிடம் திறந்து பேச வேண்டும், மேலாளர்களிடம் 'ஐ லவ் யூ' சொல்ல வேண்டும். மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வேறு. சச்சரவுகளைத் தீர்க்கும் கருவி மட்டுமே என்றது நிர்வாகம். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2014-இல் வழக்குப் போட்டது. சட்டத்தின் பார்வையில் இது மதமே என்று 2016-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2018-இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி), 10 ஊழியர்களுக்கு 51 லட்சம் டாலர் இழப்பீடு என்றது.

இத்தனைக்கும் அந்த ஆணையம் 1988-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது: பயிற்சியில் மதச் சாயமே இல்லை என்று முதலாளி நம்புவது ஒரு பொருட்டல்ல, ஊழியரின் நம்பிக்கையோடு அது மோதுகிறதா என்பதே கேள்வி.

1971-இல் சான்பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய 'எஸ்ட்' பயிற்சியும் தன்னை மதம் என்று சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு வார இறுதிகள், சுமார் 60 மணி நேரம், பெரிய ஹோட்டல் கூடம். கையில் கடிகாரம் கூடாது, கழிப்பறைக்குப் போகவும் இடைவேளை வர வேண்டும். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ராய் வாலிஸ் இதைப் புதிய மத இயக்கங்களில் 'உலகை ஏற்கும்' வகையில் சேர்த்தார். துறவு கேட்காது, கோயில் கட்டாது. இந்த வாழ்க்கையிலேயே உங்களுக்குள் இருக்கும் சக்தியைத் திறந்து காட்டுகிறேன் என்னும். எனக்கு அது சரியான இடமாகவே படுகிறது.

அதற்காக எல்லாப் பயிலரங்கையும் மதம் என்று முத்திரை குத்தச் சொல்லவில்லை. நேர மேலாண்மை வகுப்பில் யாருக்கு என்ன மோட்சம்? பிரான்ஸ் நாடாளுமன்றக் குழு 1995-இல் 170-க்கும் மேற்பட்ட குழுக்களை 'கல்ட்' (ஆட்களை வசப்படுத்தும் மதக் குழு) என்று பட்டியல் போட்டது; 2005-இல் பிரதமரே அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார். பெயரைப் பார்க்காமல் நடத்தையைப் பாருங்கள் என்பதுதான் அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம்.

நம் ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். வேலையில் மதப் பாகுபாடு கூடாது என்னும் அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார் ஊழியருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு பல நேரங்களில் நீங்கள்தான். அவரோ வருடாந்தர மதிப்பீட்டுக்குப் பயந்து, கண்ணை மூடச் சொன்னால் மூடுகிறார், அழச் சொன்னால் அழுகிறார்.

ஆகவே அடுத்த சுற்றறிக்கையில் மூன்று வரி சேருங்கள். வருவது விருப்பம். வராததற்குக் காரணம் கேட்கப்படாது. அங்கே ஒருவர் பேசிய சொந்த விஷயம் மேலாளர் காதுக்குப் போகாது. பயிற்சி நடத்துபவர் இந்த மூன்றில் ஒன்றுக்கு மறுப்புச் சொன்னாலும், முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தனியார் நிறுவன ஊழியர்