மைனி, அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள மைனி,

உங்கள் வீட்டுக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த ஓர் அம்மாவை, ஓணம் கழிந்து பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு எனக்கு போன் செய்தீர்கள். நாலு வயதுப் பையன், மூளை முடக்குவாதம், தானாக உட்காரமாட்டான், சோறு ஊட்ட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். "நம்மால் முடியுமா, ஏதாவது ஆகிப்போனால் யார் பதில் சொல்வது?" என்று வெப்ராளப்பட்டீர்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். குழந்தைகள் காப்பகம் நடத்துகிற வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால், உங்கள் சம்மதத்தோடு பொதுவிலேயே எழுதுகிறேன். யார், எந்த ஊர் என்று எதுவும் போடவில்லை.

சேர்த்துக்கொள்ளுங்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

அந்த அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கப் போகிறவர் என்றீர்கள். அங்கே எடைக்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. பிள்ளையை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு தெரபிக்குக் கொண்டுபோனால் அங்கே நடப்பது அரை மணி, முக்கால் மணி. ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் மாறிப் போய், காத்திருந்து, திரும்பி வந்தால் நாள் முடிந்துவிடும். தெரபிஸ்ட் அம்மாவைக் கூடவே உட்கார வைப்பது சரிதான், வீட்டில் செய்ய வேண்டியதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். டயப்பரையும் மருந்தையும் கணக்குப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும் தெரபி, உதவித்தொகை, வீல்சேர் என்றுதான் பேச்சு போகும். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பகலில் ஆறேழு மணி நேரம் பிள்ளையை நம்பி விட்டுப்போக ஓர் இடம் வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அம்மா வீட்டில் இருப்பாள் என்று எல்லாரும் எழுதாமலே முடிவு செய்துவிட்டார்கள். என்னையும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். இதே குறையோடு மகன் பிறந்தபின் நான் நர்ஸ் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். அவனை விட்டுப்போக இடம் கிடைத்திருந்தால் வேலையை விட்டிருக்க மாட்டேன்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், அம்மா நாளுக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். சரி, அறை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டத் தெரிந்த ஆள் அந்த அறையில் இருக்கிறாரா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்வியை 6 வயதிலிருந்து 18 வரை உறுதி செய்கிறது. இந்தப் பையனுக்கு நாலு. மூளையும் உடம்பும் பழக்கத்துக்கு அதிகம் வளைந்துகொடுக்கிற வயதை வீட்டுத் திண்ணையில் கழித்துவிட்டு ஆறு வயதில் பள்ளிக்கு வா என்றால் என்ன செய்வது? அங்கன்வாடிகளுக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு தனி நெறிமுறை வெளியிட்டது. குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும், மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே உட்கார வைக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும் சமையலையும் ரெஜிஸ்டரையும் செல்போன் பதிவையும் பார்த்துவிட்டு இதையும் பார்க்க வேண்டும் என்றால், அவர்கள் கதவைச் சாத்தாவிட்டாலும் அம்மாவே இரண்டாம் நாள் பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிடுவாள். இப்படி ஒரு பிள்ளை வந்தால் கூடுதலாக ஓர் ஆளும் வர வேண்டும். நான் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கேட்பதும் அதுதான், வேறு ஒன்றும் இல்லை.

2024இல் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறன் குழந்தையின் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது பெண்கள் வேலையில் தொடர்வதைக் காக்க வேண்டிய அரசியலமைப்புக் கடமைக்கே விரோதம் என்றது. வழக்குப் போட்டவர் அரசுக் கல்லூரி ஆசிரியை. அண்டி ஆபீஸில் எந்த விடுப்பை மறுப்பார்கள்? இந்த அம்மாவுக்கு விடுப்பே கிடையாதே.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் பயப்படுவது ஊட்டுவதற்கும் பிட்ஸுக்கும் (வலிப்புக்கும்) தான். ஊட்டுவதில் கவனம் வேண்டும் என்பது உண்மை. படுக்க வைத்து ஊட்டவே கூடாது. நேராக உட்கார வைத்து, முதுகுக்கும் பக்கத்துக்கும் தலையணை கொடுத்து, தாடை லேசாகக் கீழே பார்த்திருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீர் மாதிரி ஓடுகிற கஞ்சியைவிடக் குழைந்த கஞ்சி பலருக்கு எளிது. மசித்த மட்டிப்பழம் நம் ஊர்க் கைவசம் இருக்கிறது. எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று அவனைப் பார்க்கும் தெரபிஸ்டிடம் அம்மா கேட்டு வரட்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய், பைய. அரை மணி ஆகும், அவசரப்படுகிற ஆளை இதில் விடாதீர்கள். சாப்பிட்ட உடனே படுக்கப் போடாதீர்கள். சாப்பிடும்போது இருமல் அடிக்கடி வந்தால், குரல் சளி கட்டியதுபோல் மாறினால் நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்.

பிட்ஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் வராது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுக்கச் சொல்லி யாராவது ஓடி வருவார்கள், அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அதை எப்போது, எத்தனை முறை அடிப்பது என்று அம்மாவிடம் எழுதியே வாங்குங்கள்.

ஆள் விஷயம். இரண்டு பேரை வைத்து நடத்துகிற இடத்தில் மூன்றாவதாக ஒருவர் வேண்டும், முழுநாள் வேண்டாம், காலை பத்திலிருந்து இரண்டு வரை போதும். அந்தச் சம்பளத்தை இந்த அம்மா தலையில் கட்டாதீர்கள். மற்றவர்களுக்கு என்ன கட்டணமோ அதுவே இவருக்கும். மிச்சத்தை எல்லாப் பிள்ளைகளின் கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள். கணக்குப் பார்த்தேன், ஒரு வீட்டுக்குப் பெரிதாக வராது. யாராவது முகம் சுளிப்பார்கள். "இவனைப் பார்த்து மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படி வந்துவிடாதா" என்று கேட்ட படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுத்தறிந்த மாவட்டம் இது! ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று ஒருமுறை சொல்லுங்கள், அதற்கு மேல் வாதாட வேண்டாம். பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். "ஏன் இவன் நடக்கல?" என்று கேட்பார்கள், சொன்னால் பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வாசலில் ஒரு படி இருக்கிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும், அதாவது அரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளம். ஆசாரியிடம் பலகையில் செய்யச் சொன்னால் மழைக்கு உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மைக்கும் அது உதவும்.

அந்த அம்மாவிடம் பையனுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் எந்த உதவியும் நகராது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு, அங்கே போகச் சொல்லுங்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடும் போட்டிருக்கமாட்டார். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

முதல் வாரம் அவரை அரை நாள் வேலைக்குப் போகாமல் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். அவர் ஊட்டட்டும், நீங்கள் பாருங்கள். பிறகு நீங்கள் ஊட்டுங்கள், அவர் பார்க்கட்டும். பையன் உங்கள் மடியில் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு முழுநாள் விடச் சொல்லுங்கள். அந்த வாரம் அவருக்குக் கூலி இழப்பு, அதனால் அந்த மாதக் கட்டணத்தில் கொஞ்சம் குறையுங்கள்.

சனிக்கிழமை வருகிறேன். மகன் சின்னதில் உட்கார்ந்த சிபி நாற்காலி (மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கானது) பரணில் இருக்கிறது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும். உங்கள் நடு அறைக் கதவின் அகலத்தை அளந்து அனுப்புங்கள், நாற்காலி இரண்டேகால் அடி.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்