செயலாளர் ஆண்டறிக்கை: மேம்பாலத் திட்டமும் நம் சங்கமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், சந்தா பாக்கியைப் பற்றியும் அவரே சொல்லட்டும், எனக்கு அந்தப் பொல்லாப்பு வேண்டாம். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையெல்லாம் விழுங்கியது மேம்பாலமும் அதற்கான சாலை விரிவாக்கமும்தான்.

முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். வரைபடம் முன்பே முடிவாகிவிட்டது, அதிகாரிகள் அதைத் திரையில் காட்டினார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள், கிளம்பிவிட்டார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். தகவல் சொல்வது மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நான்காவது, இரண்டுமே ஒப்புக்குச் செய்வதுதான் என்பது அவர் கணக்கு. நம்மை மூன்றாவது படியிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்தை நாளைக்குச் சம்மதம் என்று காட்டிவிடக்கூடாதே என்று, அடுத்த கூட்டம் முதல் 'வருகைக்கு மட்டும்' என எழுதித்தான் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் எல்லாக் கேள்வியையும் எண் போட்டு எழுத்தில் கொடுத்தோம், யார் எப்போது பதில் சொல்வார் என்பதையும் அதிலேயே எழுத வைத்தோம், ஒவ்வொரு கூட்டமும் பழைய பட்டியலை வாசித்த பிறகுதான் தொடங்கும் என்றோம். இரவு வேலைக்கு நேரவரம்பு வந்தது. தூண் இருக்கும் இடம் மட்டும் மாறாது என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிலருக்கு இதில் கோபம். என்னைக் கேட்டால் 'பார்க்கலாம்' என்று இழுத்தடிப்பதைவிடக் காரணம் சொல்லி மறுப்பது மேல், மேல்முறையீடாவது செய்யலாம்.

பெண்களுக்குத் தனிக்கூட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பேருந்து நிறுத்தம் இடம் மாறினால் இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் வந்தது, அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய சண்டை வாடகைதாரர்களுக்காக. இழப்பீடு பெறுவோரின் முதல் பட்டியலில் உரிமைப் பத்திரம் உள்ளவர்கள் பெயர் மட்டுமே இருந்தது. உலக வங்கி 2018 முதல் நடைமுறைப்படுத்தும் விதிகளில், நிலத்தில் சட்ட உரிமை இல்லாதவர்களுக்கும் மறுகுடியமர்வு உதவி உண்டு, கட்டடத்துக்கு இழப்பீடு தரும்போது தேய்மானம், அதாவது கட்டடம் பழசானதற்கான மதிப்புக் குறைவு, கழிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நம் திட்டத்தில் அந்த வங்கிக் கடன் இல்லை, ஆகவே அது யாரையும் கட்டுப்படுத்தாது என்பது தெரிந்தும், முன்மாதிரியாக மனுவோடு இணைத்தோம். மறுகணக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். தேய்மானம் பற்றி இன்னும் பதில் இல்லை, அது நம் கேள்விப் பட்டியலில் அப்படியே நிற்கிறது.

மறுகணக்கெடுப்புக்கு ஒரு வெட்டுத் தேதி அறிவிப்பார்கள், அதற்குப் பிறகு குடிவருபவர்களைச் சேர்க்க மாட்டார்கள். எனவே வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை ரசீது, மின்கட்டண ரசீது, எது இருந்தாலும் நகல் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டிலேயே தொழில் செய்பவர்கள் அதையும் தனியாக எழுதித் தாருங்கள், வீடு என்று மட்டும் பதிவானால் வருமான இழப்பு கணக்கில் வராது.