கூட்டத்தை இரண்டாக்காதே

குத்தாலம்
கார்த்திகை 18

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே சம்பா நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. தாழ்வான வயல்களில் மட்டும் தண்ணீர் வடியவில்லை. காவிரியில் கடைமுழுக்கும் முடவன் முழுக்கும் முடிந்து மயிலாடுதுறைப் பக்கம் கூட்டம் ஓய்ந்துவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு மாலை கூடிப் பக்திப் பாட்டு படிக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், சைவ சித்தாந்தம் தெரிந்தவர்களைத் தனியாகவும் மற்றவர்களைத் தனியாகவும் உட்கார வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பண்ணோடு பாடத் தெரிந்தவர், சித்தாந்த வகுப்பு முடித்தவர், வேதாந்தி, திருவாய்மொழியின் ஈட்டு உரையில் ஊறிய வைணவர், கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாரம் தவறாமல் வருகிற அறிவியல் வாத்தியார், நந்தவனத்தைப் பார்த்துக்கொள்ளும் விவசாயி. இப்படி ஒரு கூட்டம் எளிதில் அமையாது. இழுபறிக்குக் காரணம் இவர்கள் இல்லை, பேச்சுக்கு ஒரு முறை இல்லாததுதான்.

நன்னூலில் பாடங்கேட்கும் முறை சொல்லும் இடத்தை எடுத்துப் பார். ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். ‘அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருவது. இதை எழுதிய பவணந்தி முனிவர் சமணர். அந்த நூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய உரையைத் திருத்திச் செப்பம் செய்தவர் திருவாவடுதுறைச் சைவ மடத்துச் சிவஞான முனிவர். கொள்கையில் வேறுபட்டவரிடம் வாங்கிக்கொள்ள நம் பக்கத்துப் பெரியவர்கள் தயங்கியதில்லை என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

உன் ஊர்ப் பாட்டையே எடுத்துக்கொள். அப்பர் என்னும் நாவுக்கரசரின் திருவையாற்றுப் பதிகம், முதல் பாட்டு:

மாதர்ப் பிறைக்கண்ணி யானை மலையான் மகளொடும் பாடிப்
போதொடு நீர்சுமந் தேத்திப் புகுவார் அவர்பின் புகுவேன்
யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது
காதல் மடப்பிடி யோடும் களிறு வருவன கண்டேன்
கண்டேன் அவர்திருப் பாதம் கண்டறி யாதன கண்டேன்.

தனியாகப் படிப்பவர் கடைசி அடிக்கு ஓடிவிடுவார். ‘கண்டேன்’ என்பது அப்படி இழுக்கும். நந்தவனக்காரர் இருந்தால் இரண்டாவது அடியில் நிறுத்துவார். பூவும் தண்ணீரும் சுமந்து முன்னால் போகிறவர்கள் வேறு யாரோ. அப்பர் அவர்களுக்குப் பின்னால் போகிறார். குடம் தூக்கி நடந்தவருக்குத்தான் அந்த வரிசை கண்ணில் படும். அதைக் கேட்டதும் வைணவருக்கு அடியார்க்கு அடியார் என்று அடுக்கிக்கொண்டே போகும் நம்மாழ்வாரின் ‘பயிலும் சுடரொளி’ நினைவுக்கு வரும். சித்தாந்தி, கண் காண உயிர் துணை நிற்பதுபோல் உயிர் காண இறைவன் துணை நிற்கிறான் என்று சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதத்தின் 11ஆம் நூற்பாவைக் கொண்டுவந்து ‘கண்டறியாதன’ என்ற சொல்லுக்கு அடியில் வைப்பார். வாத்தியார் கேட்பார்: கயிலைக்குப் போகும் வழியில் குளத்தில் மூழ்கி ஐயாற்றில் எழுந்தார் என்கிறீர்களே, இந்தப் பாட்டில் கயிலை எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. அந்த வரலாறு சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது; பாட்டு சொல்வது ‘யாதும் சுவடு படாமல்’ என்பது மட்டும். பாட்டில் உள்ளது எது, புராணம் தருவது எது என்று பிரித்துப் பார்க்க அவர்தான் கற்றுக்கொடுக்கிறார். பக்தியில் ஊறியவர்களுக்கு அந்தப் பிரிப்பு தானாக வராது.

வேதாந்தி சும்மா இருக்கமாட்டார். ‘மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை’ என்ற திருமந்திரத்தை எடுப்பார். மரத்தால் செய்த யானை. யானையாகப் பார்த்தால் மரம் தெரிவதில்லை, மரமாகப் பார்த்தால் யானை போய்விடுகிறது. அப்படியே பார்முதல் பூதம், அதாவது மண் முதலான ஐம்பூதம், பரம்பொருளை மறைக்கிறது என்பது திருமூலர் வாக்கு. அங்கே யானை மறைக்கிறது. ஐயாற்றிலோ யானை காட்டுகிறது! பிடியோடு வரும் களிற்றை விலக்காமல், அதைப் பார்த்தபடியே அப்பர் பாதத்தைக் காண்கிறார். உலகத்தைத் தள்ளினால்தான் பரம் தெரியுமா, உலகத்தின் வழியாகவே தெரியுமா? வேதாந்தி ஒன்று சொல்வார். உலகம் பொய்யில்லை, மாயையும் உள்பொருள்தான் என்று சித்தாந்தி வேறு சொல்வார். ‘மறைந்தது’ என்பதற்கு ‘இல்லாமல் போனது’ என்று பொருளா என்று வாத்தியார் இருவரையும் மடக்குவார். இந்தக் கேள்வி பாடத் தெரிந்தவருக்குத் தனியாக வந்திருக்காது, வேதாந்திக்கும் வந்திருக்காது. இரண்டு பாட்டும் ஒரே தரையில் வந்து விழுந்ததால் வந்தது. கூட்டத்தைப் பிரித்தால் நீ இழப்பது இதைத்தான்.

இனி முறை. ஒரு கூட்டத்துக்கு ஒரே பாட்டு, மொத்தம் ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் பாட்டுக்கு: பண்ணோடு ஒரு முறை, பண் இல்லாமல் சீர் சீராக ஒரு முறை. இரண்டாவதை விட்டுவிடாதே. இசையில் மூழ்கும்போது ‘மறைத்தது’, ‘மறைந்தது’ இரண்டும் காதுக்கு ஒன்றாகிவிடும், பொருளும் கெட்டுவிடும். அடுத்த இருபது நிமிடம் பதம் பிரித்துச் சொற்பொருள். அதுவரை யாரும் கருத்து சொல்லக் கூடாது. சண்டையில் முடிகிற கூட்டங்களில் பெரும்பாலும் இந்த இருபது நிமிடத்தைத் தாண்டிக் குதித்திருப்பார்கள். சொல்லுக்கு என்ன பொருள் என்று நிற்காவிட்டால், ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கருத்தைப் பேசுவார்கள். பாட்டு நடுவில் அநாதையாகக் கிடக்கும்.

பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம், வயதில் இளையவர் முதலில். பெரியவர் தொடங்கினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அருணந்தி சிவாசாரியார், சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டாரின் குலகுரு, சகலாகம பண்டிதர் என்று பெயர் எடுத்தவர். தம்மைவிட மிக இளையவரிடம் மாணவராக வந்து நின்றார். உன் கூட்டத்துப் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுப்புக்கு ஒரே ஒரு விதி போதும். மறுக்கப் போகிறவர், எதிர்த் தரப்பை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தரப்புக்காரர் ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. இது புது ஏற்பாடு இல்லை. அருணந்தியாரே சிவஞான சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் கொள்கைகளைச் சொல்லும் பரபக்கத்தை வைத்தார். கடவுளை மறுக்கும் உலகாயதம் தொடங்கி வைணவத் தரப்பான பாஞ்சராத்திரம் வரை 14 தரப்புகள். ஒவ்வொன்றிலும் அவர்கள் கூற்று முதலில், மறுப்பு பிறகு. ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’ என்று நன்னூலும் ஏழு மதங்களில், அதாவது நூல் எழுதுகிறவர் கொள்ளும் நிலைகளில், ஒன்றாக வைக்கிறது. இந்த விதியைக் கறாராகப் பிடித்தால் பாதி வாக்குவாதம் எழவே எழாது. எதிராளி சொல்லாததை அவர் சொன்னதாக நினைத்து மறுப்பதுதான் நம் கூட்டங்களில் அதிகம் நடக்கிறது.

கடைசிப் பத்து நிமிடம் மௌனம். வேதாந்தி விசாரம் செய்யட்டும், பாடுகிறவர் மனசுக்குள் பாடட்டும், வாத்தியார் சும்மா உட்காரட்டும். யார் என்ன செய்தார் என்று விசாரிக்கக் கூடாது. சுண்டலோ காபியோ அதற்கும் பிறகு. நடுவில் வந்தால் பேச்சு ஊர்க்கதைக்குப் போய்விடும், திரும்பாது.

இன்னும் கெடுகிற இடங்கள் உண்டு. மூலத்துக்கு எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். திருமந்திரத்தில் பாட்டு எண்ணும் பாடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உரை மட்டும் ஆளுக்கொன்று இருக்கலாம், இருப்பது நல்லது. கைபேசியைப் பார்த்துச் சந்தேகம் தீர்ப்பதை அன்றைக்கு மட்டும் தள்ளிவை, அதில் பிழையான பாடமும் நிறையக் கிடக்கிறது. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதே. அதற்கு மேல் போனால் ஒருவர் சொற்பொழிவாற்ற, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகிற கதைதான்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, ‘எல்லாம் ஒன்றுதாங்க’ என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்வது. கேட்க இதமாக இருக்கும், அந்த நிமிடமே விசாரணை செத்துவிடும். ‘வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை’ என்று தாயுமானவர் பாடினார் என்றால், அவர் இரண்டையும் தனித்தனியே அறிந்தவர். எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று சொல்லத் தெரியாதவர் சமரசம் பேசினால் அது சோம்பல். யாராவது அப்படிச் சொன்னால், ‘எந்தச் சொல்லில் ஒன்று, எந்தச் சொல்லில் வேறு’ என்று பாட்டை வைத்துக் காட்டச் சொல்.

நந்தவனக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டு செய்யும் சரியை, பூசை செய்யும் கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கையும் படிக்கட்டாக மட்டும் எடுத்துக்கொண்டால், நூல் படித்தவர் தன்னை நாலாவது படியிலும் அவரை முதல் படியிலும் வைத்துப் பார்ப்பார். தாயுமானவர் ‘அரும்புமலர் காய்கனிபோல்’ என்றார். சரியைக்கு எடுத்துக்காட்டாக மரபு வைத்திருப்பவரே அப்பர்தான். கோயிலில் புல் செதுக்கும் உழவாரத்தைக் கடைசிவரை கீழே வைக்காதவர். அந்த மனிதரைக் கட்டாயம் பேச வை. கூச்சப்பட்டால், ‘இந்தப் பாட்டில் வேலை எங்கே இருக்கிறது?’ என்று மட்டும் கேள். அவரே தொடங்கிவிடுவார்.

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கிவிடு. பாட்டின் முதல் அடி, யார் என்ன பொருள் சொன்னார், யார் எதைக்கொண்டு மறுத்தார், தீராமல் நிற்கிற கேள்வி எது: இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். எழுதுகிறவர் வாரம் மாறட்டும். தீராத கேள்விக்கு அன்றே முடிவு கட்ட வேண்டாம். இரண்டு யானைக் கேள்வி மாதக்கணக்கில் நிற்கும், நிற்கட்டும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டாய். இப்போது வேண்டாம். தையில் அறுவடை, நந்தவனக்காரரும் வயலை விட்டு வரமுடியாது. மாசியில் தொடங்கினால் மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் தண்ணீர் திறந்து குறுவை வேலை வரும்வரை தடையில்லாமல் நடக்கும். முதல் வாரம் அப்பர் பாட்டு. இரண்டாவது வாரம் அதே ஐயாற்றுக்குச் சம்பந்தர் பாடிய ‘புலனைந்தும் பொறிகலங்கி’. வயதில் மூத்தவர் கண்டேன் கண்டேன் என்று பாடிய ஊரில், இளையவர் ஐம்புலனும் கலங்கிப் போகும் கடைசி வேளையை எடுத்துக்கொண்டு, அஞ்சேல் என்று அருள்பவனைப் பாடுகிறார். முழவு அதிர்வதை மழை என்று பயந்து மந்திகள் மரமேறி முகில் பார்க்கும் இடமும் அதே பாட்டில்தான். பண் மேகராகக்குறிஞ்சி, இன்றைக்கு நீலாம்பரியில் பாடுகிறார்கள். அப்பர் பதிகம் காந்தாரம். உங்கள் பாட்டுக்காரரை இப்போதே பழகிக்கொள்ளச் சொல். திருமந்திரம் மூன்றாவது வாரத்துக்கு. இறைவன், உயிர், தளை மூன்றையும் பேசும் ‘பதிபசு பாசம்’ என்று தொடங்கும் பாட்டை மட்டும் ஆரம்பத்தில் தொடாதே. விதி பழகுவதற்குள் சித்தாந்தியும் வேதாந்தியும் மோதிக்கொள்வார்கள்.

இரண்டு பதிகத்தையும் பதம் பிரிக்காமல் பெரிய எழுத்தில் நகல் எடுத்துப் பொங்கலுக்குள் அனுப்புகிறேன். எத்தனை படி வேண்டும், வாத்தியாருக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியவில்லை என்றாயே, அவருக்குத் தனியாக இன்னும் பெரிதாக எடுக்க வேண்டுமா என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்