பொறுத்து நின்றவர்களுக்கு நன்றி

நிலாவெளி வீதி பஸ் சாரதி, நடத்துனர் அண்ணாமாருக்கும், மத்திய வீதிக் கடைக்கார ஐயாமாருக்கும், எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம். (பிள்ளைகள் என்பது பழக்கதோசம். எல்லோரும் வளர்ந்தவர்கள்.)

இவர்களைப் போல அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, பகல்நேர நிலையத்தின் மாதிரிக் கடையில் பழகியது நிஜக் கடையில் அநேகமாகக் கைகொடுக்காது. சத்தம் வேறு, நெரிசல் வேறு. அதனால்தான் அவர்களைப் பழக்க உங்களிடமே வந்தோம்.

கடைக்கார ஐயாமார், விலையை வாயால் சொல்வதோடு நிற்காமல் கல்குலேட்டரில் காட்டினீர்கள். நாங்கள் பழக்குவது ஒரே விதி: மூன்று இலக்க விலையில் முதல் எண்ணைப் பார், அதைவிட ஒரு நூறு ரூபாய்த் தாள் கூடக் கொடு. 340 என்றால் நாலு தாள். கூட்டல் கழித்தல் தெரியத் தேவையில்லை, மிச்சம் வாங்க நின்றால் போதும். ஆனால் 1,250 வந்தால் விதி உடைந்துவிடும். முதல் எண் 1 என்று இரண்டு தாளை நீட்டுவார்கள். அதற்காக ஆயிரம் தாண்டும் சாமானை இரண்டு பில்லாகப் பிரித்துத் தந்தீர்களே, அந்த யோசனை எங்களுக்கே வரவில்லை. மிச்சக் காசுக்கு டொபி கொடுப்பதை நிறுத்தியதற்கும் நன்றி. டொபி கிடைத்தால் காசை மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோருக்கு: தேநீர் போடுவதைக் கடைசிப் படியிலிருந்து பழக்கச் சொன்னபோது சிரித்தீர்கள். சீனி போட்டுக் கலக்குவது மட்டும் முதலில் அவர்களுடையது. கலக்கியதும் குடிக்கலாம் என்பதால் வேலை முடிந்த திருப்தி உடனே கிடைக்கிறது. பிறகு ஊற்றுவது, பிறகு தேயிலை, கடைசியில்தான் கேத்தல். அதில் ஒரு கோப்பை அளவுக்குச் சிவப்பு டேப் ஒட்டினால் பாரமும் குறையும், கொதிநீர் சிந்துவதும் குறையும். அவர்கள் தடுமாறும்போது நீங்கள் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு விரலால் காட்டுங்கள். அதற்கும் பிறகுதான் வாயால் சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் ஒவ்வொரு முறையும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பாசத்தில் கையிலிருந்து கரண்டியைப் பறிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

நடத்துனர் அண்ணாமார், இறங்கும் இடத்தை நீங்களாகச் சொல்லாமல், அவர்கள் மணியடிக்கும்வரை விட்டீர்கள். இறங்கிடத்தை அடையாளம் காண நாங்கள் கொடுக்கும் படங்களில் கடைப் பெயர்ப்பலகை இருக்காது. நிறம் மாறினால் ஆள் தடுமாறிவிடுவார். உப்புவெளி யுத்த மயானம் போல இடம் மாறாதவைதான் இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாரி காலத்தில் பஸ் யன்னல்கள் மூடியிருக்கும், படத்தில் உள்ளது வெளியே தெரியாது. ஒக்டோபர் முதல் தை மாதம்வரை மட்டும், ஒரு தரிப்பிடம் முன்னதாக ஊர்ப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். எல்லோருக்கும் கூப்பிடுவது போலக் கூப்பிட்டால் போதும்.

நன்றியுடன்,
பகல்நேர நிலையப் பணியாளர்கள்,
திருகோணமலை