மார்ச்சிங் பேண்டில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கத்தில் இருக்கும் அன்புள்ள தமிழ்ப் பெற்றோர்களே,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளைக்கு வந்து, மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் பேண்டில் நம் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறான் என்று தேடி, செல்போனில் படம் பிடித்துவிட்டு, குளிர் தாங்காமல் காருக்கு ஓடுவோமே, அந்தக் கூட்டத்தில் நானும் நான்கு வருடம் இருந்தேன். என் மகன் பாரிடோன் என்ற பித்தளைக் குழல் வாசித்தான். யூனிஃபார்மைச் சலவைக்குக் கொடுப்பது, பேண்டுக்காகச் சமோசா விற்பது, போட்டி நாட்களில் தண்ணீர்ப் பெட்டி தூக்குவது எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் அவன் வாசிப்பதை உட்கார்ந்து கேட்டதில்லை. இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

பதினோராம் வகுப்பில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "டிரம் கோருக்கு ஆடிஷன் போகட்டுமா?" என்று கேட்டான். என்னவென்று விசாரித்தோம். கோடை முழுக்க ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பித்தளை, தாள வாத்தியக் குழுவாம். மே மாதக் கடைசியில் கிளம்பினால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் வீடு. ராத்திரி பேருந்தில் பயணம், பள்ளிக்கூட ஜிம் தரையில் தூக்கம், பகல் முழுக்க வெயிலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. அதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும், பல குழுக்களில் ஒரு கோடைக்கு ஐயாயிரம் டாலரைத் தாண்டும். கல்லூரி விண்ணப்பம் எழுத வேண்டிய கோடை அது. வேண்டாம் என்றோம். அவன் வாதாடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது அவனுக்கு 20 வயது. போன பிப்ரவரியில் கல்லூரியிலிருந்து வார இறுதிக்கு வந்தவன், "அம்மா, ஞாயிற்றுக்கிழமை என்னோட ஒரு இடத்துக்கு வா" என்றான். ஒன்றரை மணி நேரம் தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கம். பனியை ஒதுக்கிக் குவித்திருந்த கார் நிறுத்தம். ஒரு டிரம் அண்ட் பியூகிள் கோர் (டிரம் கோரின் முழுப்பெயர் அதுதான்) அங்கே உள்ளரங்கக் கச்சேரி செய்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி பேண்டில் கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸஃபோன் எல்லாம் உண்டு. டிரம் கோரில் கிடையாது. பித்தளை வாத்தியம், தாள வாத்தியம், கொடியும் துப்பாக்கி வடிவ மரக்கட்டையும் சுழற்றும் கலர் கார்ட், இவ்வளவுதான். முதல் உலகப்போருக்குப் பிறகு ஊருக்கு ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் வளர்த்த பழக்கம் இது. ராணுவத்தின் பியூகிள் வால்வு இல்லாத குழல். நம் ஊர் எக்காளம் மாதிரி, ஊதுகிறவரின் உதடும் மூச்சும் எந்தச் சுரத்தைத் தருமோ அது மட்டும்தான் வரும். அப்புறம் ஒரு வால்வு வந்தது, பிறகு இரண்டு. மூன்றாவது வால்வுக்கு 1990இல்தான் அனுமதி கிடைத்தது. ஜி சுருதி பியூகிளோடுதான் வர வேண்டும் என்ற கட்டாயம் 2000இல் போனது. வாஷிங்டனில் இருக்கும் மரைன் படையின் டிரம் அண்ட் பியூகிள் கோர் 1934இல் தொடங்கியது, அவர்கள் இன்னும் ஜி பியூகிளை விடவில்லை. இளையோர் குழுக்களுக்கான டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி 1972இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் நடந்தது. 2009 முதல் அது இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. அதற்கும் கூரை உண்டு. ஆனால் அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அந்த இடத்தை அரங்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தச் சின்ன அரங்கத்தைப் பற்றி.

மேடையில் ஐம்பது அறுபது பேர், மூன்று அடுக்காக, பிறை வடிவத்தில் நின்றார்கள். இறகு வைத்த தொப்பி இல்லை, பளபளப்பு உடை இல்லை, எல்லோருக்கும் கறுப்புச் சட்டைதான். கல்லூரிப் பையன்களும், மகனை மடியில் வைத்துப் பார்க்கும் வயதுக்காரர்களும், நரைத்த தலைகளும் கலந்து நின்றார்கள். குழுவைக் கையசைத்து நடத்தும் டிரம் மேஜர் கையைத் தூக்கினார். அறுபது வாத்தியமும் ஒரே அசைவில் உதட்டுக்கு ஏறின, அதற்கே ஒரு சத்தம் இருந்தது. பெரிதாக இடிக்கப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டேன்.

இடிக்கவில்லை. அடிக்குரல் வாத்தியங்கள் மட்டும், பக்கத்து வீட்டில் யாரோ தம்புரா மீட்டுவது போன்ற அளவில், ஒரு கோரல், அதாவது எல்லாக் குரலும் சேர்ந்து மெதுவாக நகரும் பாட்டு, வாசித்தார்கள். எப்போது தொடங்கினார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. மைதானத்தில் இந்தச் சத்தம் என்னை வந்து சேர்ந்ததே இல்லை. அங்கே இதைக் காற்று கொண்டுபோய்விடும், பாப்கார்ன் விற்பவர் குரல் மூடிவிடும். இங்கே கடைசி வரிசையில் ஒருவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

பிறகு அது ஏறியது. மெல்லோஃபோன் என்ற நடுக்குரல் குழல்கள் சேர்ந்தன, மேலே டிரம்பெட்டுகள் சேர்ந்தன, நாற்காலிக் கைப்பிடி என் கையின் கீழ் அதிர்ந்தது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது தவில் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காருமே, எனக்குத் தெரிந்த அளவில் அதுதான் இதற்குக் கிட்டே வரும். டிரம் கோரின் வாத்தியங்களுக்கு வாய் முன்னோக்கி இருக்கும். ஆர்க்கெஸ்ட்ராவில் டியூபா மேலே பார்க்கும், ஹார்ன் பின்னால் பார்க்கும். இங்கே அத்தனையும் நம் முகத்தைப் பார்த்துத்தான் திறந்திருக்கும்.

டிரம் மேஜர் விரல்களை மூடினார். அறுபது பேரும் நிறுத்தினார்கள். ஒலி நிற்கவில்லை. மேலே போய், சுவரில் தங்கி, ஒரு நொடிக்கும் மேலே கரைந்துகொண்டே இருந்தது. யாரும் கை தட்டவில்லை, அது முடியட்டும் என்று காத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மகன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். மடியில் இருந்த அவன் விரல்கள் மூன்றும் அசைந்துகொண்டிருந்தன, வால்வை அழுத்துவது மாதிரி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் எனக்கு விளக்கினான். மைதானத்தில் ஒருவருக்கொருவர் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பார்களாம். சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட ஏழில் ஒரு நொடி ஆகும். காதை நம்பி வாசித்தால் தாளம் பிசகும். அதனால் டிரம் மேஜர் கையைப் பார்க்க வேண்டும், பின்னால் நிற்கும் தாளக்காரர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கூடவே ஓட வேண்டும், மூச்சும் பிடிக்க வேண்டும். உள்ளரங்கத்தில் எல்லோரும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள். ஒருவரை ஒருவர் கேட்கலாம். "அங்க நாங்க கணக்குப் போட்டு வாசிப்போம்மா, இங்கதான் கேட்டு வாசிக்கலாம்" என்றான்.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு ஸ்நேர் டிரம்காரர்கள் மட்டும் முன்னால் வந்து சில நிமிடம் வாசித்தார்கள். மைதானத்தில் இது எனக்குத் தகரத்தில் கல் கொட்டிய சத்தமாகத்தான் இருந்தது. பத்து வரிசை தள்ளி உட்கார்ந்தால் குச்சி எழும் உயரம் தெரிகிறது. எட்டுப் பேருக்கும் அது ஒன்று. மெதுவாக அடிக்கும்போது மூன்று விரல்கடை, உரக்க அடிக்கும்போது ஒரு சாண், நடுவில் எவருக்கும் வித்தியாசம் இல்லை. ஐந்து பேஸ் டிரம்கள், ஒவ்வொன்றும் ஒரு சுருதி. ஓர் ஓட்டத்தை ஐந்து பேர் அடிக்கு ஒருவராகப் பங்கிட்டு வாசிக்கிறார்கள். ஒரு கொன்னக்கோல் சொற்கட்டை ஐந்து பேர் எழுத்துக்கு ஒருவராகச் சொல்லி, அது ஒரே வாயிலிருந்து வந்தது போலக் கேட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒருவர் இமைப்பொழுது பிந்தினாலும் சொல்லே உடைந்துவிடும். உடையவில்லை.

2004 முதல் மைதானத்தில் மரிம்பா, வைப்ரஃபோன் வாசிக்கும் முன்வரிசைக்கு மைக் வைக்கிறார்கள், 2009 முதல் சிந்தசைசரும் உண்டு. அதைக் குறை சொல்ல நான் யார், பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பிற்பகலில் ஒரு மைக்கும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

உள்ளரங்கம் இவர்களுக்குப் புதிதும் இல்லை. ஐம்பது அறுபதுகளில் குளிர்காலத்தில் நின்ற இடத்தில் நின்று வாசிக்கும் போட்டிகள் நடக்குமாம், ஸ்டாண்ட்ஸ்டில் என்பார்கள். 1991இல் சாம்பியன் ஆன ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, 1993க்குப் பிறகு போட்டியை விட்டுவிட்டு மேடைக்கே போனது. அதிலிருந்து பிறந்த 'பிளாஸ்ட்' என்ற நிகழ்ச்சி 1999இல் லண்டனில் மேடையேறி, 2001இல் பிராட்வேயில் டோனி விருதும் வாங்கியது.

சரி, நான் உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். உங்கள் மகனோ மகளோ டிரம் கோருக்குப் போகட்டுமா என்று கேட்கும் நாள் வரும், அல்லது வந்திருக்கும். ஆடிஷன் முகாம்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம், அது உங்கள் உரிமை. சொல்வதற்கு முன் ஒரு முறை, நான்கு சுவருக்குள், இந்தக் குழுக்களில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் சொன்னேன். பிள்ளை கேட்டது என்ன என்று தெரியாமலேயே மறுத்துவிட்டேன் என்பது மூன்று வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. வெயிலையும் ஜிம் தரையையும் பணத்தையும் எடை போட்டேன். தராசின் இன்னொரு தட்டில் வைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

கேட்ட பிறகும் கேள்விகள் இருக்கும், இருக்க வேண்டும். 2018இல் ஒரு பழம்பெரும் குழுவின் இயக்குநர் பாலியல் குற்றச்சாட்டுகளால் விலக நேர்ந்தது. 1934இல் தொடங்கிய அந்தக் குழுவே 2024இல் மூடப்பட்டது. ஆகவே, பிள்ளைகளுடன் தங்கும் பெரியவர்கள் யார், பின்னணிச் சோதனை செய்கிறார்களா, புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும், வெயிலில் மயங்கினால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நல்ல குழு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

பணம் இல்லை, கோடையை விட முடியாது என்றால் இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அது அந்த அரங்கத்தில்தான் தெரிந்தது. இளையோர் குழுக்களில் 22 வயதோடு முடிந்துவிடும். எல்லா வயதினருக்கும் தனிக் குழுக்கள் 1963 முதலே ஒரு சங்கமாக இயங்கிவந்தன, 2024 முதல் அவையும் டிரம் கோர் இன்டர்நேஷனலின் கீழ் வந்துவிட்டன. வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் பயிற்சி பெரும்பாலும் வார இறுதிகளில்தான். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 1946இல் தொடங்கிய ஹாதோர்ன் கபயேரோஸ் நம் நியூ ஜெர்சிக்காரர்கள். 1957இல் தொடங்கிய ரெடிங் பக்கனீர்ஸ் பென்சில்வேனியாவில் இருக்கிறார்கள். என் மகன் வரும் நவம்பரில் இப்படி ஒரு குழுவின் முகாமுக்குப் போகிறான். எடுப்பார்களா என்பது தெரியவில்லை. இந்த முறை கொண்டுபோய் விடப்போவது நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் போன கச்சேரியில் பாதி நாற்காலி காலி. வந்தவர்களில் பெரும்பாலோர் முன்னாள் உறுப்பினர்கள், அவர்களுடைய குடும்பங்கள். இந்தக் குழுக்கள் உறுப்பினர் கட்டணத்திலும் நன்கொடையிலும் ஓடுகின்றன, பிங்கோ நடத்திப் பணம் சேர்ப்பவர்களும் உண்டு. பேருந்து வாடகைக்கு ஒரு டிக்கெட்டும் உதவும். அரங்கேற்றம் என்றால் குடும்பத்தோடு போய் மூன்று மணி நேரம் உட்காருகிறோம். மார்கழியில் சென்னைக்குப் போய் ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்பவர்களும் நமக்குள் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்த கூட்டம் நாம். ஒரு கார் நிறையப் பேராக வாருங்கள்.

போகிறவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டாம். அரங்கின் நடுவிலோ, பால்கனி இருந்தால் அதிலோ இடம் பிடியுங்கள், எல்லாக் குரலும் கலந்து வந்து சேரும். காதடைப்பான் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள், சின்னக் குழந்தைகளுக்கு முதலில். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம்தான் என்பது இங்கே தொழிலாளர் பாதுகாப்புக்குப் பரிந்துரைத்திருக்கும் அளவு. உச்சத்தில் இவர்கள் வாசிப்பது சாதாரணச் சத்தம் இல்லை. செல்போனைப் பையிலேயே விடுங்கள், அந்தக் கருவிக்குள் இது அடங்காது. அப்புறம், விளக்கு மங்கி, டிரம் மேஜரின் கை மிக மெதுவாக எழுந்தால் அது கோரல். அப்போது மட்டும் காதடைப்பானைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பாரிடோன்காரனின் அம்மா